ஒரு சாண் வலப்பக்கம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழாவதாக வளர்த்தது ஒரு வான்கோழி. அது ஒன்றுதான் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நேரமாகும். ஆனாலும் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. திருநகரில் இருக்கும் என் சம்பந்தி, மூத்த மருமகளின் அப்பா, நான் குறி தவறியவள் என்று அந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

பேரையூர்ச் சந்தையில் குஞ்சாக வாங்கி வந்த வான்கோழி அது. பாத்திரத்தைத் தட்டினால் ஓடி வந்து கம்பு தின்னும். பிடிக்கக் கை நீட்டினால் பறந்து போய் வீட்டுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தில் உட்கார்ந்துகொள்ளும். பொங்கலுக்கு வந்த சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, காடை, முயல், நண்டு எல்லாம் தின்றாகிவிட்டது, வான்கோழி மட்டும்தான் பாக்கி என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"வர்ற ஞாயித்துக்கெழம வாங்கண்ணே. என் கையால ஒரே உண்டையில அடிச்சுக் கொழம்பு வச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் உண்டிவில் இருக்கிறது. ரப்பர் கட்டிய கவட்டை இல்லை, மூங்கில் வில். நாணுக்கு நடுவில் ஒரு துணிப்பட்டை. அதில் காய்ந்த களிமண் உருண்டையை வைத்து இழுத்து விட வேண்டும். சிறு வயதில் சோளக்காட்டில் பரண் மேல் நின்று கிளி விரட்டினேன். சுற்றுவட்டாரத்தில் என்னைப்போல் குறி பார்க்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். வாரம் முழுக்கப் போனில் வெள்ளைக்காரர்கள் வில்லும் அம்புமாக வான்கோழி வேட்டையாடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, நெஞ்சப் பாத்து அடிச்சிராத. அது உப்பிக்கிட்டு நிக்கிறது பூராம் இறகு. உள்ள இருக்கிறது ஒரு தேங்கா அம்புட்டுத்தான். பக்கவாட்டுல நின்னா றெக்க பொறக்குற எடம். முதுகக் காட்டுனா வால் மொளைக்கிற எடம்."

"அண்ணே, அவுக அம்பு வச்சிருக்காக. நான் வச்சிருக்கிறது மண்ணு. றெக்கையில அடிச்சா தூசி தட்டிவிட்டாப்புல இருக்கும் அதுக்கு. எங்கிட்டுத் திரும்பி நின்னாலும் எனக்குத் தலைதான்."

வான்கோழி வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் வாலை விரித்து உட்கார்ந்திருந்தது. இழுத்து விட்டேன். உருண்டை தலைக்கு ஒரு சாண் வலப்பக்கம் போனது. இரண்டாவதும் ஒரு சாண் வலப்பக்கம். மூன்றாவதும் அதே இடம். மரப்பட்டையில் மூன்று உருண்டையும் ஒரே புள்ளியில் பட்டு உதிர்ந்தன. வான்கோழி தலையைச் சாய்த்து அந்தப் புள்ளியைப் பார்த்தது.

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏ புள்ள, அது காவக்காரி கையி. அது எப்புடிக் கொல்லும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கிளி விரட்டிய சோளக்காட்டின் சொந்தக்காரம்மா, கதிரில் ரத்தம் பட்டால் வெள்ளாமை வீடு வந்து சேராது என்பார். பறவை பயப்படவேண்டும், சாகக் கூடாது. ஒரு சாண் வலப்பக்கம் அடி என்று சொல்லித்தான் பரணில் ஏற்றுவார். நான் மறந்துவிட்டேன். கை மறக்கவில்லை.

சரி, கை வலப்பக்கம் ஒரு சாண் போனால், நான் இடப்பக்கம் ஒரு சாண் குறி வைத்தால் கணக்குச் சரியாகிவிடும் அல்லவா? வைத்தேன். ஆனால் கை, 'இவள் பறவையை அடிக்கவில்லை' என்று நிம்மதியாகி, குறி வைத்த இடத்திலேயே கொண்டுபோய் அடித்தது. அங்கே கிளையில் என் வீட்டுக்காரரின் கஞ்சித் தூக்குவாளி தொங்கியது. டணார்!

பாத்திரச் சத்தம் கேட்டதும் வான்கோழி குதித்து இறங்கி ஓடி வந்து என் காலடியில் நின்றது, கம்புக்கு.

சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "ஆடாத தங்கச்சி. ஒரு மொழந்தான். தலைய அடி."

நேராக அதன் தலையைப் பார்த்து இழுத்து விட்டேன். உருண்டை அதன் தலைக்கு ஒரு சாண் வலப்பக்கம் தரையில் பொத்தென்று விழுந்தது. வான்கோழி அதைக் கொத்தித் தின்றுவிட்டு, இன்னொன்று கேட்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தது.

அன்றைக்கு முட்டைக் குழம்புதான். வான்கோழி முட்டைகூட இல்லை, அது சேவல். சம்பந்தி நான்கு முட்டை தின்றார். தின்றுவிட்டுத் திருநகர் போய்ச் சொன்னது, "ஒரு மொழத்துல நின்னதக்கூட அடிக்கத் தெரியல அந்தம்மாவுக்கு."

ஐந்து உருண்டை. நான்கு, இம்மி பிசகாமல் ஒரு சாண் வலப்பக்கம். ஒன்று, குறி வைத்த இடத்திலேயே. இதில் எது தவறியது? இன்றைக்கும் ஒரு முழத் தூரத்தில் என்ன, கண்மாய்க்கரையிலிருந்தும் அதே ஒரு சாணுக்குக் கொண்டுபோய் வைப்பேன். அந்தத் தெருவில் யாராவது வைத்துக் காட்டட்டும்.

அந்த வான்கோழி இப்போதும் மரத்தில்தான் இருக்கிறது. என்னைப் பார்த்தால் பயமே இல்லை.

ஏத்தா பேத்தி, இங்கிட்டு வா. திருநகருத் தாத்தாவுக்குப் போனப் போடு. எடுத்துட்டாகளா? சத்தத்தக் கூட்டி வையி. இப்ப இத மொதல்ல இருந்து வாசி, நானும் கேக்குறேன். அந்த 'இம்மி பிசகாமல்' வாரப்ப மட்டும் நிறுத்தி நிதானமா வாசி.