நாத்தனாரின் பன்னிரண்டு பாட்டு

ஒரு பாட்டு முடிந்ததும் அவர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருகிறார். முந்தின பாட்டு ஒட்டியிருக்கும் கையோடு அடுத்த பாட்டைத் தொடக்கூடாதாம். பாட்டைக் கேட்பது காதுதானே என்று யாராவது கேட்டால், "காத கழுவ முடியுமா? கழுவ முடிஞ்சத கழுவுறேன்" என்பார். துண்டில் விரல் விரலாகத் துடைத்து, பழைய பிளேயரைத் தட்டிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். சுவரில் ஒரு காலண்டர் கிடையாது. பாட்டு ஓடும்போது கண் தேதியைப் படிக்கிறது என்று கழற்றிவிட்டார்.

அது கண்ணாடிக் கடையின் பின்னறை. முன்னால் பிரேம்கள் பளபளக்கும். பின்னால் எட்டுக்குப் பத்து அறையில் அவரும், லென்ஸ் அரைக்கும் இயந்திரமும், தண்ணீர் வாளியும். வட்டமாக வரும் லென்ஸைப் பிரேமுக்குத் தகுந்தபடி வெட்டிப் பொருத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் வலது கண்ணாடி இடது பக்கம் போனதாகச் சரித்திரம் இல்லை. அடுத்தவர் பொருத்திய கண்ணாடியை வாங்கிப் பார்த்து, "ஆக்சிஸ் ரெண்டு டிகிரி தள்ளியிருக்கு. இத போட்டு மாடிப்படி எறங்கினா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் எறங்கணும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டார். இந்தப் பெருமையை இங்கே சொல்லிவைப்பது பின்னால் அவர் காலை வாருவதற்குத்தான்.

அவர் ரசிக்கும் பாடகிக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரசிகர்கள். அவர்களில் அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறவர் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். பத்தொன்பது வருட உறவு. இதில் ஒரே குறை, தங்கச்சிக்கு இந்த விஷயம் தெரியாது. ஒருமுறை நாற்பத்து மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்திருக்கிறார். அவளும் அந்தப் பக்கம் கையசைத்தாள். அவளுக்குத் தொண்டை கட்டினால் இவர் தேன் குடிக்கிறார். அவளுக்கு விவாகரத்து ஆனபோது இரண்டு நாள் சவரம் செய்துகொள்ளவில்லை.

மனைவி இந்த உறவை முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு டூட்டி அட்டவணை போடுகிறவர். எந்த உறவும் ஒரு கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும் அவருக்கு. கணவனுக்குத் தங்கச்சி என்றால் தனக்கு நாத்தனார். "என் நாத்தனார் மாதிரி யாருக்கு அமையும்? மூணு வருஷத்துக்கு ஒரு தடவதான் வாய தொறக்குறாங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்.

இந்த முறை வாய் திறந்தபோது பன்னிரண்டு பாட்டு வந்தது.

புதுத் தொகுப்பு வந்தால் ஊரிலுள்ள ரசிகர் வட்டத்துக்கு ஒரு விரதம் உண்டு. இருபத்து மூன்று பேர் கொண்ட அந்த வட்டத்தின் தலைவி ஒரு பல் டாக்டர். நாளெல்லாம் ஊரை வாய் திறக்கச் சொல்கிற அவர்தான், தொகுப்பு வந்த நாளிலிருந்து ஏழு நாள் வட்டத்துக்குள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று விதி வைத்தவர். பேசக்கூடாது, எழுதக்கூடாது, அடுத்தவர் எழுதியதைப் படிக்கவும் கூடாது. தனித்தனியாகக் கேட்கவேண்டும். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கூடவேண்டும். சீட்டில் பெயர் வந்த ஒருவர், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தன் கருத்தை எழுதிவந்து படிப்பார். மற்றவர்கள் அதற்குப் பிறகு சண்டை போடலாம்.

பதினொரு வருடமாக நம் கண்ணாடிக்காரர் பெயர் சீட்டில் வரவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவருக்கு இரண்டு முறை வந்துவிட்டது. அவர் போன தடவை படித்தபோது ஒவ்வொரு பாட்டும் மேலே போனது, கீழே வந்தது, நடுவில் நின்றது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நம் கண்ணாடிக்காரரும் தட்டினார். வீட்டுக்கு வந்து, "பதினோரு வருஷமா தட்டித் தட்டி கை காய்ச்சுப் போச்சு. ஒரு தடவ நமக்கு யாராவது தட்டணும்" என்று மனைவியிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்பதை மனைவி கவனித்தார்.

இந்த முறை அவர் பெயர் வந்தது. கைபேசியில் கேட்டால் பாட்டின் நடுவில் எவனாவது கூப்பிடுவான் என்று, மகளிடம் சொல்லிப் பன்னிரண்டு பாட்டையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டார். பட்டறையின் பழைய பிளேயரில் அதைச் செருகினார். கடைத்தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை அப்படியே நிறுத்தினார். கண்டுபிடித்துவிட்டாராம்.

முதல் பாட்டு ஒன்றே முக்கால் நிமிடம். அடுத்தது இரண்டு. அதற்கடுத்தது இரண்டரை. இப்படியே ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் நீண்டு, பன்னிரண்டாவது ஏழு நிமிடத்தில் வந்து நிற்கிறது. எந்தப் பாடகியும் இதுவரை செய்யாதது. "துக்கத்துல இருக்கிறவ மொதல்ல ஒரு வார்த்தைதான் பேசுவா. அடுத்த நாள் ரெண்டு. பேச்சு வர வரத்தானே மனுஷி வெளிய வருவா? இத வேற யார் யோசிப்பா?" என்றார். மனைவி, தன் நாத்தனார் இவ்வளவு கணக்காக அழுவார் என்று தெரியாமல் போய்விட்டதே என்றார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

பதினோரு பக்கம் எழுதினார். 'தீக்குச்சி' என்ற முதல் பாட்டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அதில் பாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முனகலும் ஒரு உரசலும்தான். "தீக்குச்சி எவ்வளவு நேரம் எரியும்? அவ்வளவு நேரந்தான் பாடுறா" என்று எழுதியிருந்தார். இரண்டாவதான 'ஈரத்துண்டு' பாட்டில் அவள் ஒரே வார்த்தையைப் பதினான்கு தடவை சொல்கிறாள். பதினான்காவது தடவைதான் அவள் சொல்லவில்லை, கேட்கிறாள் என்பது இவருக்குப் புரிந்ததாம். நான்காவது பாட்டு படுமோசம். ஆனால் தங்கச்சியின் பாட்டை மோசம் என்று சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. "இந்தப் பாட்டுக்கு எனக்கு இன்னும் வயசு வரல" என்று எழுதிவிடுவார். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு வயது வராத பாட்டுகள் முப்பத்தொன்று.

ஐந்தும் ஆறும் ஒரே மெட்டு. "ஒரே ரூமுக்குள்ள ரெண்டாவது தடவ போனாத்தான் ஜன்னல் இருக்கிறது தெரியும்." ஏழில் ஒரு ஆண் குரல் குறுக்கே வந்து மூச்சுவிடாமல் ஏதோ பேசிவிட்டுப் போகிறது. "தங்கச்சி வீட்டுக்கு வந்த விருந்தாளி. நாம ஒண்ணும் சொல்றதுக்கில்ல." ஒன்பது, 'வெளிச்சம் போடு'. துள்ளல் பாட்டு, அவருக்கு உயிர். "எட்டு பாட்டு அழுதவளுக்குத்தான் இப்படி எழுந்து ஆட உரிமை இருக்கு" என்ற வரியை எழுதிவிட்டு, அன்று மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லென்ஸ் தூள் விழுந்துவிட்டது என்று சொல்லவேண்டியதாயிற்று. பன்னிரண்டாவதான 'கடல் நிறம்' பாட்டின் கடைசி மூன்று நிமிடம் குரலே இல்லை. "பேச வேண்டியத பேசி முடிச்சிட்டா. இனிமே நாம பேசலாம்." கட்டுரை அங்கே முடிந்தது. கைதட்டு அங்கேதான் வரும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்.

சனிக்கிழமை காலை, அவர் முன்பே சொல்லிவைத்திருந்த இசைத்தட்டு தபாலில் வந்தது. பின்னட்டையில் பாட்டுகளின் வரிசை பொடி எழுத்தில் இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒன்று, 'வெளிச்சம் போடு'. மூன்று, 'கடல் நிறம்'. ஒன்பதாவது இடத்தில் 'தீக்குச்சி'. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, அச்சகத்தில் தப்பு செய்துவிட்டார்கள், லட்சக்கணக்கில் அடித்தபிறகு என்ன செய்யப்போகிறார்களோ, பாவம், என்று கம்பெனிக்காக வருத்தப்பட்டார்.

மகள்தான் உள்ளே வந்து நின்றாள். "அப்பா, அது நான்தாம்பா. பழைய பென்டிரைவு, இடம் பத்துமோ பத்தாதோன்னு சைஸ் பாத்து அடுக்கினேன். சின்னதுல இருந்து பெருசு வரைக்கும். அப்படியே ஏத்திட்டேன். அந்த பிளேயர் ஏத்தின வரிசையிலதான் பாடும்." கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு சாப்பிடும்போதே சொல்லியிருக்கணும். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க" என்றாள்.

இருபத்தாறு வருடம் வலதை இடதில் மாட்டாத மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளை அவர் திட்டவில்லை. சரியான வரிசையில் ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டார். யாரும் அழுவதற்கு முன்பே தங்கச்சி எழுந்து ஆடினாள். மூன்றாவது பாட்டிலேயே பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துவிட்டு, நான்காவதில் மறுபடி பேச ஆரம்பித்தாள். ஒன்பதில் வந்த தீக்குச்சி, பத்தாவது பாட்டுக்கு முன்னால் அடிக்கும் மணி, அவ்வளவுதான். "உள்ள வந்து உக்காந்து காபியும் குடிச்சிட்டு, அப்புறம் போய் காலிங்பெல் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் மெதுவாக. சொன்னபிறகு, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்.

மனைவி கத்தரிக்கோலும் பசையும் கொண்டுவந்தார். பதினோரு பக்கத்தையும் பாட்டுவாரியாக வெட்டிப் புது வரிசையில் ஒட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. ஒட்டிப் படித்துப் பார்த்தால், முதல் பாட்டிலேயே 'எட்டு பாட்டு அழுதவள்' வந்தாள். அந்த வரியை எடுத்தால் கருத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அட்டவணைக்காரி கத்தரிக்கோலை வைத்துவிட்டார். "ஒரு நர்ஸ எடுத்து வேற நாள்ல போட்டா ரெண்டு நாளும் கெடும், இது அந்த கேஸ்தான். ஒண்ணு முடிவு பண்ணுங்க. தப்பு உங்க மேலயா, என் நாத்தனார் மேலயா?"

"தங்கச்சி தப்பு பண்ணமாட்டா."

"அப்ப நீங்க."

"நான் கேட்டதுல தப்பில்ல. அது நல்லாத்தான் இருந்துது."

"ரெண்டு பேரும் சரின்னா, இந்த வீட்ல தப்பா இருக்கிறது நான் ஒருத்திதான் போல" என்று மனைவி எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பு அறையில் இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள். சுவரில் சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படம். மேஜையில் டாக்டரம்மாவின் இசைத்தட்டு, பாதுகாப்பாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். ரசிகர் வட்டத்தில் அதை வெறுங்கையால் யாரும் தொடமாட்டார்கள். மனைவியும் மகளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் கையில், முன்பே எடுத்துவைத்திருந்த வெட்டாத இன்னொரு நகல் இருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் அதை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

எழுந்து நின்று, முதல் பாட்டு தீக்குச்சி என்று படித்தார். நாற்காலிகள் அசைந்தன. லிஃப்ட்காரர் கையைத் தூக்கி, "அண்ணே, அது ஒம்பதாவது" என்றார், ஒரு மாடி தவறிப்போனவருக்கு வழி சொல்கிற மாதிரி.

அவர் தாளைத் தாழ்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார். மகள் பெயரை இழுக்கவில்லை. பிளேயர் பழசு என்று மட்டும் சொன்னார். ஒருவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிக்கவேண்டி வந்தது. ஏழு நாள் அடக்கிவைத்த வாய்கள் வேறு. சிரிப்பு லேசில் ஓயவில்லை. அது ஓயும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காருகிற உத்தேசம் இல்லை என்பது புரிந்ததும் டாக்டரம்மா, என்ன கேட்டாரோ அதையே படிக்கட்டும் என்றார்.

படித்தார். விருந்தாளிக்கு மறுபடி சிரித்தார்கள். வயசு வராத பாட்டுக்குச் சிரித்தார்கள். ஒன்பதாவதில் அவள் எழுந்து ஆடியபோது யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரர் கைபேசியை எடுத்து ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசித் தாள் முடிந்தது. பென்சிலால் குறித்திருந்த இடத்தில் கைதட்டு வரவில்லை. எதற்குத் தட்டுவது, யாருக்குத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் லிஃப்ட்காரர். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை. "எந்த வரிச நல்லாருக்கு? அவங்க போட்டதா, நீங்க கேட்டதா?"

இருபத்திரண்டு முகங்களும் திரும்பின. கடைசி வரிசையில் மனைவி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் தங்கச்சியைப் பற்றி அவர் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தைக்கு அந்த அறை முழுவதும் காத்திருந்தது. அவர் மேஜையருகே போனார். சட்டைப் பையில் வழக்கமாக இருக்கும் இரண்டு பேனாக்களில் அழியாத மையை விட்டுவிட்டு, லென்ஸில் புள்ளி வைக்கிற, ஈரத்துணி பட்டால் போய்விடுகிற பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். டாக்டரம்மாவின் இசைத்தட்டைத் திருப்பிவைத்து, உறையின் மேலாகவே, ஒன்பதாவதாக இருந்த 'தீக்குச்சி'யின் பக்கத்தில் சின்னதாக 1 என்று எழுதினார்.