ஆட்டுக்கால் சூப்பும் இடது ஓரத்து ஹெங்கும்

பகல் ஒரு மணிக்குப் பட்டர்வொர்த்தில் படகு ஏறினோம். ஆளுக்கு நாற்பது காசு. தீவுக்குப் போகத்தான் கட்டணம், திரும்பி வர இலவசம்.

கூட வந்த ஹெங்க் டச்சுக்காரர். பிறை ஊரில் எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் அவர் பிழைப்பு, கால்பந்துத் திடலின் இடது ஓரத்தில் பந்தோடு பறப்பது. மீன்பிடி ஊர்க்காரர், பதினேழு வயதில் கிளப்பில் சேர்ந்து, இருபத்தெட்டில் முழங்கால் உடைந்து வெளியே வந்தாராம். கேண்டீனில் இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. எனக்கு முப்பத்தொன்பது வயது. தொழிற்சாலை அணிக்கு அன்று ஜார்ஜ்டவுனில் ஆடுவதுதான் என் கடைசி ஆட்டம். மூன்று வருடமாக ஒரு கோல் கிடையாது. இவரையும் எங்கள் அணியில் சேர்த்தாயிற்று; இவர் தூக்கிப் போடும் பந்தில் ஒன்றாவது அடித்தே தீருவேன் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன்.

"உங்கள் ஊரில் கடைசியாகப் போட்ட பந்து கோலானதா?" என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு காதர் அண்ணன் சாப்பாட்டுக்கடை. அங்கே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? முழங்கால் கதையை அளந்துவிட்டேன்.

"முட்டி வலியா? ஆட்டுக்கால் சூப்புக்கு மிஞ்சின மருந்து ஏதுலா தம்பி! குடிக்கச் சொல்லு!" என்றார் அண்ணன்.

விருந்தாளியாயிற்றே, ஹெங்குக்கு மறுக்கத் தெரியவில்லை. மூன்று கிண்ணம் குடித்தார். அதற்கு மேல் சோறு, ஆட்டுக்கறி, குழம்பு.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. ஹெங்க் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"யாருண்ணே இவரு? பாடாங்கு திடல்ல காத்து வாங்க வந்தாரா?" என்று எங்கள் கோல்கீப்பர் கத்தினான். எனக்கு மானமே போயிற்று.

இடைவேளைக்குப் பின் ஹெங்க் என்னை அருகே அழைத்தார். "என்னால் ஓட முடியாது. நீ ஓடு. பந்தைத் திரும்பிப் பார்க்காதே, கோலின் முதல் கம்பத்துக்கு ஓடு" என்றார்.

ஓடினேன். கம்பத்தருகே தலையைத் திருப்பினேன். ஹெங்க் தூக்கிப் போட்ட பந்து வந்து நெற்றியில் பட்டது. அடேயப்பா, வலை ஆடியது! மூன்றுக்கு ஒன்றில் தோற்றோம். தோற்றால் என்ன, நான் அடித்தேனே!

ஏழு மணிப் படகில் ஹெங்க் காசை எடுத்தார். திரும்பிப் போகக் காசு வேண்டியதில்லை என்றேன். சிரித்துவிட்டு, மதியம் நான் கேட்டதற்கு அப்போதுதான் பதில் சொன்னார்.

"அந்தக் கடைசிப் பந்தைப் போட்டபோதுதான் முழங்கால் உடைந்தது. விழுந்து கிடந்து பார்த்தேன். எங்கள் ஆள் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான். நீ ஓடினாய்."