வீடு என்று சொல்ல இரண்டு கை வேண்டும்

நான் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை எழுந்து நிற்கவைப்பதும் விரல் மடக்கவைப்பதும் என் அன்றாட வேலை. என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை, ஒரு தச்சர் வந்து சேரும்வரை.

அவருக்கும் காது கேட்காது. வலது பக்கம் முழுக்க விழுந்து, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். முகம் கோணியதா, கை தளர்ந்ததா, பேச்சு குழறியதா என்று டாக்டர் கேட்டார்.

“எனக்க மொவன் எப்பளுமே பேசமாட்டான் சாரே,” என்றார் அவருடைய அம்மா. “கைய அசைக்காம கெடந்தான். பிணக்கமாக்கும்ணு நெனச்சு விட்டுட்டேன்.”

அன்று மாலை தங்கையிடம் சொன்னேன். அவள் கேரள எல்லைப் பகுதியில், நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். சுற்றுவட்டாரத்தில் காது கேளாதவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்துகிறாள். கேட்டு முடித்ததும், “பக்கவாதம் வந்தால் என்ன செய்யணும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்று கையாலேயே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஊர் ஊராக அதற்கு வகுப்பு எடுத்தவள் நான். எல்லாம் மைக்கில்.

பாறசாலையில் ஒரு சபையில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஹாலைத் தந்தார்கள். இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எங்கள் டாக்டர் பேச, நான் சைகையில் சொல்வதாக ஏற்பாடு. படம் தெளிவாக விழட்டும் என்று விளக்குகளை அணைத்தேன். ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எல்லா விளக்கும் எரிந்தன. சுவிட்ச் பக்கத்தில் தங்கை நின்றாள்.

“இருட்டில் உன் கை யாருக்குத் தெரியும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அவளுடைய அடுத்த கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. திரையில் ‘பேச்சு குழறும்’ என்றிருந்த வரியைத் தொட்டு, “இது எங்களுக்கு எப்படி?” என்றாள். டாக்டர் நேர்மையான மனிதர்.

“நான் இதுவரைக்கும் யோசிக்கல்ல. நீங்களே சொல்லித்தரணும்,” என்றார்.

சொல்லித்தந்தார்கள். உங்களுக்குப் பேச்சு குழறுவதுபோல எங்களுக்குக் கை குழறும், விரல் வடிவம் தப்பும், ஒரு கை பின்தங்கும் என்றார் ஒருவர். அப்படியானால் ஒரு கையால் சொல்லக்கூடிய வார்த்தையை வைத்துச் சோதிக்கக் கூடாது என்றார் இன்னொருவர். வீடு என்று சொல்ல இரண்டு கையையும் கூரைபோலச் சேர்க்க வேண்டும். அதனால் “வீட்டுக்கு மீன் வாங்கி வா” என்பதே எங்கள் சோதனை வாக்கியமானது. ஊருக்கே மனப்பாடமான வாக்கியம் அது.

தங்கை அதை வீடியோவாக எடுத்தாள். நடித்தவர்கள் காரோடு என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெயிண்டரும் அவர் மனைவியும். இருவருக்கும் காது கேட்காது. கணவர் நோயாளி. வாயைக் கோணிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, தேவையில்லாமல் நாற்காலியிலிருந்தும் விழுந்தார். வீடியோவோடு ஒரு அட்டையும் அச்சடித்தோம். ‘எங்களுக்குக் காது கேட்காது. இவருக்குப் பக்கவாதம் என்று சந்தேகம். 108-ஐக் கூப்பிடுங்கள்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் இருந்தது. கீழே, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுத ஒரு கட்டம். அதைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்கச் சொன்னோம்.

சில மாதம் கழித்து ஒரு காலை, அந்தப் பெயிண்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. மனைவி திரும்பிப் பார்த்தபோது வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. படம் எடுத்த நாளிலிருந்து அவர் இப்படி விளையாடாத வாரமே கிடையாது. மனைவி தோளில் ஓர் அடி கொடுத்துவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டார். மறுபடி பார்த்தார். மனிதர் அப்படியே நின்றிருந்தார். கண்ணில் சிரிப்பு இல்லை.

மனைவி அவரைக் கன்னத்தை ஊதச் சொன்னார். காற்று ஒரு பக்கமாக ஒழுகிப் போனது. மீன் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். இடது கை பாதிக் கூரையாக எழுந்து நின்றது. வலது கை வரவில்லை.

அட்டையைப் பிய்த்து நேரத்தை எழுதிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் ஓடினார் அந்த அம்மா. ஆட்டோக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: “காயிதத்த எனக்க மூஞ்சிக்கு நேரே நீட்டினாவ பாத்துக்கிடுங்கோ, எனக்குக் கையும் காலும் ஓடல்ல. ஆனா அதுல எல்லாம் எழுதியிருக்கில்லியா. அதப் பாத்து அப்படியே போன்ல படிச்சேன்.”

ஆம்புலன்ஸ் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தது. என்னைக் கீழே கூப்பிட்டார்கள். டாக்டரின் முதல் கேள்வி, “கடசியா எப்ப நல்லா இருந்தாரு?” நான் சைகையில் கேட்பதற்குள் அந்த அம்மா அட்டையை அவர் கையில் வைத்துவிட்டார். கட்டத்தில் 7.40 என்று பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதுகூட ஆகவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. அவருக்குப் பொருந்தியது. மாலையில் நான் போர்வையை விலக்கிப் பார்த்தபோது வலது கட்டைவிரல் அசைந்தது. பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நோயாளிக்கு முன்னால் நான் அழுதது அன்றுதான்.

பிறகு எனக்கும் அவருக்கும் தினம் மல்லுக்கட்டு. பிடிவாதக்காரர். மூன்றாவது வாரம் இரண்டு கையும் சேர்ந்து ஒரு கூரை கட்டின, கொஞ்சம் சாய்ந்த கூரை. “பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்,” என்றார். மனைவி சிரிக்கவில்லை, முறைத்தார்.

கோட்டுகால் ஊர் வரைக்கும் அந்த வீடியோ போய்விட்டது. போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நர்சுகளுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் ஒரு வகுப்பு வைத்தோம். காது கேளாதவர்கள் வந்தால் எப்படிச் சோதிப்பது என்று. நடத்தியது பெயிண்டரின் மனைவி, அந்தக் காரோட்டு அம்மா. அவர் கைகளுக்குக் குரல் கொடுத்தது நான். தங்கை கேமராவோடு நின்றாள்.

அம்மா ஆரம்பித்த சற்று நேரத்தில் கையை நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் ஒரு இளம் டாக்டர் மடியில் வைத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லும் குரல் காதில் விழுகிறதே, அது போதும் என்று நினைத்திருப்பார். அம்மா மேடையைவிட்டு இறங்கிப் போய் அவர் தோளைத் தட்டினார். அவர் நிமிர்ந்ததும், “நான் இங்கே பேசுகிறேன், இங்கே பார்,” என்று தன் கைகளைக் காட்டினார்.

அதையும் நான் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பையன் முகம் சிவக்கப் போனைப் பைக்குள் வைத்தான். அம்மா மேடைக்குத் திரும்பி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.