குழம்பில் உப்பு இருந்ததா?

கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் காலை காபியிலிருந்து கொலை வழக்குதான். எங்கோ ஓர் ஊரில் மாமனார், மாமியார், மகன் மூவரும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுச் செத்துப்போனார்கள். சாப்பிடாத மருமகள் மட்டும் பிழைத்தாள். டிவியில் அதையே திருப்பித் திருப்பிக் காட்ட, என் மாமியார் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"மருமவதான். இதுல இன்னா விசாரணை?"

நாத்தனார் வீட்டுக்காரர் பள்ளிப்பட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சரக்கு எடுக்கத் திருத்தணி வந்தால் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். மருந்துக்கடை என்பதால் தடயவியல் நிபுணரும் அவரே.

"சட்டியில விஷம் கீது, சோத்துல இல்ல. கரண்டியில மருமவ கைரேகை. வேற இன்னா வேணும்?"

"கரண்டியில வேற யாரு ரேகைண்ணா இருக்கும்? உங்க வூட்டுக் கரண்டிய நீங்க எப்பனா தொட்டிருக்கீங்களா?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அம்மா முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அன்று கிருத்திகை விரதம், அதனால்தான் சாப்பிடவில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். "நல்ல சாக்கு" என்றார் மாமியார். மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, மாதா மாதம் நான் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே! சர்க்கரை வரும்வரை அவரும் இருந்த விரதம்தானே? நாளைக்கு இவர்களுக்கு லேசாக வயிறு வலித்தால்கூட என் தலைதான் உருளும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் சமைத்துப் போட்டதற்கு இதுதானா என்று மனசு ஆறவே இல்லை.

அடுத்த கிருத்திகையும் வந்தது, நிபுணரும் வந்தார். மொச்சை போட்டுக் காரக்குழம்பு வைத்து, மூன்று பேருக்கும் பரிமாறினேன்.

"நீ உக்காரல?" என்றார் வீட்டுக்காரர். நாள் கிழமை தெரியாத மனுஷன்.

"கிருத்திகைங்க. சாயந்தரம் மலைக்குப் போய்ட்டு வந்துதான்."

அவ்வளவுதான். ஒருவர் கையும் சோற்றுக்குப் போகவில்லை. நிபுணர் தட்டை மெல்ல நகர்த்தி, "எனக்குத் தயிர் போதும்மா, வெயிலு ஜாஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மாமியார்தான் பிசைந்து ஒரு வாய் போட்டார். முகத்தைச் சுளித்தார். வீட்டுக்காரர் பதறி எழுந்தேவிட்டார்.

"உப்பே இல்ல. ருசி பாக்கலியா?"

"விரதத்துல எப்படி அத்த ருசி பாக்கறது?"

அவருடைய அடுத்த கவளம் கையிலேயே நின்றது. மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ள, அந்தப் பொண்ணு வச்ச குழம்புல உப்பு சரியா இருந்துச்சான்னு லேப்ல பாத்தாங்களா?"

"அதெல்லாம் பாக்க மாட்டாங்க அத்த."

"அப்பறம் இன்னா லேப்பு அது? ருசி பாக்காம வச்சிருந்தா அவ நெசமாவே விரதந்தானே? பாவம்."

உப்பு ஜாடியை வாங்கி, இடது கையாலேயே குழம்பில் போட்டார். கரண்டியை என்னிடமிருந்து பிடுங்கி நன்றாகக் கலக்கினார்.

"ஆங், இப்ப கரண்டியில என் ரேகையும் கீது. போனா ரெண்டு பேரும்தான் உள்ள போவணும். சாப்புடுங்க."

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் சோற்றைப் பிசைந்தார்.