பன்னிரண்டாவது படம்

கைபேசி வந்த பிறகு எனக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. காலையில் பால் வாங்கி வரும்போது கண்ணில் படும் மீன்கொத்தியையோ, ஏரிமேல் கிடக்கும் பனியையோ ஒரு படம் பிடித்துக்கொண்டால்தான் எனக்கு அன்றைய பொழுது தொடங்கும். இந்தப் பித்துக்கு வித்திட்டவர் என் தாய்மாமன். அவர் அதை அறிந்து செய்யவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளைப்பாக்கத்துக்கு அருகே ஏரிக்குக் கீழே மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை விற்றுக் குன்றத்தூரில் சைக்கிள் கடை வைப்பது அவருடைய கனவு. வீடு கட்டவென்று அதை வாங்க முன்வந்தவர் பட்டணத்துப் பெரியவர் ஒருவர். முழங்கால் வலியால் வரப்பில் நடக்க இயலாதவர்; ஆகவே நிலத்தைப் படத்தில் பார்த்தே முடிவு சொல்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மாமா தமக்குப் பழக்கமான ஸ்டூடியோக்காரரிடம் கேமராவை இரவல் வாங்கிவந்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்.

மாசி மாதம். அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் தண்ணீர் வற்றாமல் நின்றது. அதில் நத்தைகுத்தி நாரைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பேச்சில் நாரையும் கொக்குதான். அவற்றில் ஒன்றுக்கு இடக்கால் வளைந்திருக்கும். ஆண்டுதோறும் வரும் அதன் படம் ஒன்று வேண்டும் என்பதற்காகவே நான் பள்ளிக்குப் போகாமல் மாமாவின் பின்னால் வந்திருந்தேன்.

மாமா கேமராவை மார்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"அந்தக் கொக்குங்கள ஓட்டுடி. எங்க திருப்னாலும் வந்து நிக்குது."

பறக்கும் பறவைகளைப் படமெடுக்கப் போகிறார் என்றெண்ணிக் கைதட்டிக்கொண்டு ஓடினேன். நாரைகள் எழுந்து ஒரு வட்டமடித்து மீண்டும் இறங்கின. மறுபடி ஓட்டினேன். மாமாவோ, அவை பறக்கும்போதெல்லாம் சும்மா இருந்துவிட்டு, கண்ணுக்கு மறைந்த பிறகே விசையை அழுத்தினார். அவருடைய கலைஞானத்தின் மீது எனக்கு ஐயம் உண்டாயிற்று.

"மாமா, ஒரு கொக்குகூட படத்துல வுழல."

"கொக்குக்கு இன்னாடி போட்டோ? அதுக்கின்னா மாப்ள பாக்கறாங்களா?"

பதினோரு படங்கள் முடிந்தன. நான் அழத் தொடங்கினேன். மாமா பெருமூச்சு விட்டு, கேமரா வாரை என் கழுத்தில் மாட்டினார்.

"ஒன்னே ஒன்னு. அசஞ்சே, அவ்ளோதான்."

நாரை வலப்பக்கம் நடந்தால் கேமராவின் கண்ணாடியில் அது இடப்பக்கம் நடந்தது. நான் இடப்பக்கம் திரும்ப, காணாமற்போனது. எப்படியோ தேடிப்பிடித்து, மூச்சை அடக்கி அழுத்திவிட்டேன்.

கழுவி வந்த படத்தில் ஏரிக்கரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஆயினும் வளைந்த காலும், அதன் கீழே தண்ணீரில் தலைகீழாக அதே காலும் தெளிவாக விழுந்திருந்தன. மாமா அதை நெடுநேரம் பார்த்தார்.

"நீயே வச்சிக்கோ. ஆனா யார்க்கும் காட்டாத."

சரிந்த கரைதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டோம். பதினோரு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்ல மேட்டு நிலமாத்தான் தெரியுது" என்றார். நான் என் படத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பதினொன்றில் ஓர் உயிரும் இல்லை. என்னுடையதைக் கண்டால் வியந்துபோவாரே என்று எண்ணினேன்.

"கையில என்ன பாப்பா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. என் படம் அவருக்கே இத்தனை வெட்கமாக இருக்கிறதே என்று எனக்கு அவமானமாகப் போயிற்று.

"நான் புடிச்சது தாத்தா. கோணையா வந்துடுச்சி" என்று சொல்லி வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

நிலம் விலைபோயிற்று. மறுவாரம் மாமா எனக்குக் கொலுசு வாங்கிவந்தார்.

"இவளுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றாள் அம்மா.

"சும்மாதாங்க்கா" என்றார், என்னைப் பாராமல். படம் கெட்டதற்கு ஆறுதல் என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.

அந்த நிலம் கைமாறிக் கைமாறி இன்று ஒரு தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடமாகியிருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் அதன் கம்பிவேலியோரம் நின்றேன். புதுக் கார்களின் சக்கரங்கள் பாதி தண்ணீரில் மூழ்கியிருக்க, இடையே நத்தைகுத்திகள் நடந்தன. கைபேசியை உயர்த்தினேன். வாயிற்காவலில் இருந்த தென்மாவட்டத்துப் பையன் கேட்டான்:

"என்னம்மா, வெள்ளத்தையா எடுக்கீய?"

"இல்ல தம்பி, கொக்க."

வீட்டுக்கு வந்து பழைய படத்தைப் புதிய படத்தருகே வைத்துப் பார்த்தேன். இம்முறை கரை நேராக விழுந்திருந்தது. அன்றைய பன்னிரண்டில் தண்ணீர் தெரிந்த படம் தன்னுடையது ஒன்றுதான் என்பதை, கொலுசைக் குலுக்கிக்கொண்டு திரிந்த அந்த ஒன்பது வயதுக்காரி கவனிக்கவே இல்லை.