பிரஷ்ஷில் ஒட்டிய மணல்

வண்டி கழுவுவது என்றால் தண்ணீரை ஊற்றித் துணியால் துடைப்பதுதானே என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நானும் அப்படி நினைத்துத்தான் செல்லூரில் பதினெட்டு வருஷம் ஓட்டிய தறியை விட்டுவிட்டு, ரிங் ரோட்டில் இருக்கும் இந்த ஷெட்டுக்கு வந்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. போனில் வீடியோ பார்த்தும், முதலாளியின் பழைய காரைக் கொஞ்சம் கெடுத்தும் கற்றுக்கொண்டேன். மதுரை வெயிலில் சூடேறிய வண்டியில் தண்ணீர் பட்டால் அலசுவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். அதனால் எங்களுக்கு ராத்திரி வேலை. ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் கண்ணை மூடும் நேரத்தில்தான் ஊரே முழித்துக்கொண்டு சத்தம் போடும். என் வீட்டுப் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் இன்னமும் தறி ஓடுகிறது.

காருக்குக் குளிக்கத் தண்ணீர்

எங்கள் ஷெட்டின் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். அதைத் துணியால் தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். ஆகவே மெஷின் வைத்து உப்பையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் தண்ணீராக்கி, பூப்போன்ற பிரஷ்ஷால் கழுவி, அப்படியே விட்டுவிடுவோம். துணியே படாது. தானாகக் காய்ந்து கண்ணாடி மாதிரி நிற்கும். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இன்னொரு குடம் கழிவாகச் சாக்கடைக்குப் போகும். அந்தக் குழாய்ப் பக்கம் நான் அதிகம் திரும்புவதில்லை.

ஒருநாள் வேன் டிரைவர் ஒருவர் அந்தச் சுத்தத் தண்ணீரை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தார். ருசி இல்லை என்று முகத்தைச் சுளித்தார். பிறகு வரிசையில் நின்ற கார்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க தெருவுல ஒரு குடத்துக்கு அம்புட்டு சண்டை. இங்க வடிகட்டி வடிகட்டிக் காருக்கு ஊத்துறீக. அடுத்த பிறவியில காராப் பொறந்துட்டுப் போறேண்ணே!"

அழுக்கின் அருமை

அழுக்கு பல விஷயங்களை மறைக்கும். கழுவினால்தான் பழைய கீறலெல்லாம் வெளியே வரும். வந்தால் போட்டது யார்? கழுவினவன். ஒரு ஆபீஸ்காரர் ஆறு மாதமாகத் தண்ணீரே காட்டாத வண்டியைக் கொண்டுவந்தார். கழுவி நிறுத்தியதும் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு கீறலையும் எங்கள் கணக்கில் எழுதினார். துருப்பிடித்த கீறல் நேற்று ராத்திரி விழுந்திருக்குமா என்று காசி பணிவாகத்தான் கேட்டான். காசி என் கூட்டாளி, என்னைவிடப் பத்து வயது இளையவன். கையில் அப்படி ஒரு பக்குவம். அன்றிலிருந்து வண்டி உள்ளே வந்ததும் சுற்றிலும் போட்டோ எடுத்துவிட்டு, யார் கழுவுகிறாரோ அவர் பெயரைப் போர்டில் எழுத வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டார். அந்த ஆபீஸ்காரர் கிளம்பும்போது சொன்னது: "அழுக்கா இருக்கும்போது நல்லாத்தான்யா இருந்துச்சு!"

கருப்புக் கார்

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பிரஷ் கீழே விழுந்தால், எவ்வளவு அவசரமானாலும், வாளியில் முக்கி, குழாயில் இரண்டு தடவை பீய்ச்சி அலசிய பிறகுதான் வண்டியில் வைக்க வேண்டும். நாருக்குள் ஒரே ஒரு மணல்துகள் இருந்தால் போதும், பெயின்ட்டில் கோடு விழும்.

டீச்சரம்மா ஒருவரின் கருப்புக் கார் அன்று காசியின் பெயரில் இருந்தது. பாதியில் அவன் தண்ணீர் மெஷினில் ஃபில்டர் மாற்றப் போனான். வரிசையில் இன்னும் ஐந்து வண்டி. மிச்சத்தை நானே முடித்து வைக்கலாம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். விடியப்போகிற நேரம், கண் சொக்கியது, பிரஷ் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து உதறினேன். உதறியதோடு சரி. இரண்டு கதவையும் தேய்த்து முடித்தேன். டியூப் லைட்டில் ஒன்றும் தெரியவில்லை.

ஏழு மணிக்கு டீச்சரம்மா வந்தபோது வெயில் சாய்வாக விழுந்து, இரண்டு கதவிலும் மயிரிழை மயிரிழையாகக் கோடு மின்னியது. வரும்போது எடுத்த போட்டோவில் கோடு இல்லை. அந்த அம்மா கத்தவில்லை. "யாரு செஞ்சதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். காசி கதவருகே குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். அங்கேயே நின்றான். நான் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன். முதலாளி காசியை வேலையை விட்டு நிற்கச் சொன்னார். அவசரப்பட வேண்டாம், விசாரியுங்கள் என்று டீச்சரம்மாதான் தடுத்தார். அதற்கு முதலாளி சொன்னார்: "போர்டுல பேரு இருக்குல்லம்மா, அப்புறம் என்ன விசாரணை?"

சோழவந்தான்

காசியைப் போய்ப் பார்க்க எனக்கு எட்டு மாதம் ஆனது. சோழவந்தானில் வெற்றிலை ஏற்றும் வேன்களைக் கழுவிக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர், தேய்ந்த பிளாஸ்டிக் பிரஷ். அந்தக் கையில் அந்தப் பிரஷ்ஷைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "வாங்கண்ணே" என்று டீ வாங்கிக் கொடுத்தான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டுப் போன நான், டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"மாப்ள, அந்தக் கருப்புக் காரு..."

"தெரியும்ணே. கோடு சாஞ்சிருந்த பக்கத்தைப் பார்த்தாலே தெரியாதா, இழுத்தது இடது கைன்னு? ஷெட்டுல இடது கைக்காரரு நீங்க ஒருத்தருதான்."

"அப்ப ஏன்டா சொல்லலை?"

அவன் வேனின் பின்பக்கம் போய்த் தேய்க்க ஆரம்பித்தான். அங்கிருந்தே சொன்னான்: "நீங்க சொல்லுவீகன்னு நின்னேண்ணே. அந்தம்மா காரு ரோட்டுல திரும்புற வரைக்கும் நின்னேன்."

ஷெட்டுக்குப் புதிதாக ஆள் சேரும்போதெல்லாம், இத்தனை வருஷத்தில் பெயரில் ஒரு புகார்கூட இல்லாத மனுஷன் என்று முதலாளி என்னைத்தான் காட்டுகிறார்.