மூன்று கார்டுகளும் ஒரு கிராணியம்மாவும்

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்சிக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். அதன் முதலாளிகளான மூன்று பங்காளிகளின் ஸ்மார்ட் கார்டுகளையும் மூன்று ரீடர்களில் செருகினால், அன்றைய சுங்கப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் மூவரின் மின் கையொப்பமும் ஒரே நிமிடத்தில் விழும். ஒரு கார்டு குறைந்தாலும் நிரல் ஓடாது.

கார்டுகள், அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணியம்மாவின் பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும். ஏர்கோன் குளிருக்குப் பயந்து மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். தினமும் ஒவ்வொரு பங்காளிக்கும் போன் செய்து, "போடலாமா பாஸ்?" என்று கேட்ட பிறகுதான் அவர் கார்டைச் செருகி, அதன் ரகசிய பின் நம்பரை அடிப்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

ஒருநாள் ஒரு பங்காளியின் மனைவி போனை எடுத்தார். கணவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னார். கிராணியம்மா அந்தக் கார்டை மேசைமேல் வைத்துவிட்டார்.

"கொண்டெய்னர் நிக்குதுக்கா. பின் நம்பர்தான் உங்களுக்குத் தெரியுமே, போடுங்க லா," என்றார் மேனேஜர்.

"எனக்குத் தெரியும். நான் போடுறது அவருக்குத் தெரியணுமே."

கொண்டெய்னர் மூன்று நாள் துறைமுகத்தில் நின்றது. மேனேஜர் கிராணியம்மாவோடு பேசவேயில்லை. நான்காம் நாள் கண் விழித்த பங்காளி, போனில் "போடும்மா" என்றார். கிராணியம்மா கார்டைச் செருகினார். ஒரே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அதுவரை அந்தக் கையொப்பங்களை என் நிரல்தான் போடுகிறது என்று நினைத்திருந்தேன்.